68 லட்சம் சொல்றாங்க, எவ்வளவுக்குக் கேட்கலாம்? ஒரு சிம்மக்கல் வீட்டோட கணக்கு

வீடு வாங்குறதைப் பத்தி சேனல்ல பேசினப்போ லோன் பக்கத்தை மட்டும்தான் சொல்ல முடிஞ்சது. "விலை எவ்வளவு கேக்கணும்"ங்கிற விஷயம் பத்து நிமிஷ வீடியோவுல அடங்காது. அதனால இங்க எழுதுறேன். பேனாவும் பேப்பரும் எடுத்து வச்சுக்கிட்டுப் படிங்க.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கணவன் மனைவி ரெண்டு பேர் ஆபீஸுக்கு வந்தாங்க. அவர் தனியார் கம்பெனியில வேலை, அவங்க ஸ்கூல் டீச்சர். ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கையில வர்றது மாசம் ஒரு லட்சம். சிம்மக்கல்ல ஒரு சந்துக்குள்ள வீடு பார்த்திருக்காங்க. டீச்சருக்கு ஸ்கூல் நடக்குற தூரம், மாமியாருக்குப் பழைய சொக்கநாதர் கோயில் நாலு எட்டு. வீடு மனசுக்குப் பிடிச்சுப் போச்சு.

"68 சொல்றாங்க சார். 65க்குக் கேக்கலாமா?"

"அண்ணே, அந்த 65 எங்க இருந்து வந்துச்சு?"

"68ல இருந்து ஒரு மூணு கொறைச்சேன்."

பத்துல எட்டு பேர் இப்படித்தான் வர்றாங்க. விக்கிறவர் ஒரு எண் சொல்றார், நாம அதுல இருந்து கொஞ்சம் கிள்ளுறோம். அந்த 68ஐ அவர் எப்படி முடிவு பண்ணினார்? பக்கத்துத் தெருவுல யாரோ வித்த விலை, மகளோட கல்யாணச் செலவு, புரோக்கர் ஏத்தி விட்டது, இதுல எதுவா வேணா இருக்கலாம். அது அவரோட எண். அதுல இருந்து கழிச்சா நமக்கு நம்ம எண் கிடைக்காது.

நமக்கு மூணு எண் வேணும். அந்த வீடு எவ்வளவு பெறும், நம்ம கையிருப்பு எவ்வளவு தாங்கும், நம்ம சம்பளம் எவ்வளவு தாங்கும். மூணுல எது சின்னதோ அதுதான் நம்ம உச்சவரம்பு. இதைப் புரோக்கரோட டீ குடிக்க உட்காருறதுக்கு முன்னாடியே போட்டுடணும். உட்கார்ந்த பிறகு போடுற கணக்கு எல்லாம் வாங்குறதுக்குச் சாதகமாத்தான் வரும். என் அனுபவம் அது.

(அவங்க வீட்டோட எண்களைக் கொஞ்சம் மாத்தி, கணக்குக்கு வசதியா வச்சிருக்கேன். சிம்மக்கல்ல சதுர அடி இவ்வளவுதான்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க.)

முதல் எண்: வீடு எவ்வளவு பெறும்

நிலம் 800 சதுர அடி, அதாவது ரெண்டு சென்ட்டுக்குக் கொஞ்சம் கம்மி. கட்டடம் கீழும் மேலும் சேர்த்து 1,100 சதுர அடி. வயசு 35. காங்கிரீட் தளம்.

நிலத்துக்கு விலை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எல்லாரும் முதல்ல பார்க்கிறது கைடுலைன் வேல்யூ. அதை மட்டும் நம்பி விலை பேசாதீங்க. 2017 ஜூன்ல தமிழ்நாடு அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைச்சு, பதிவுக் கட்டணத்தை 4% ஆக்கினாங்க. 2023 ஏப்ரல்ல மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, கட்டணத்தை 2% ஆக்கினாங்க. ரெண்டு தடவையும் ஒரே ராத்திரியில ஊர்ல உள்ள வீடு எல்லாத்துக்கும் "மதிப்பு" மாறுச்சு. வீடு என்னவோ அதே வீடுதான். அரசு வரி வாங்குறதுக்கு வச்சிருக்கிற அளவுகோல் அது. அதுக்கு வேற ஒரு உபயோகம் இருக்கு, பின்னாடி வர்றேன்.

பத்திரப்பதிவுத் துறையோட டி.என்.ரெஜிநெட் தளத்துல வில்லங்கம் போட்டுப் பார்க்கலாம்னு உங்களுக்குத் தெரியும். நாம வாங்கப் போற வீட்டுக்கு மட்டும் போடுறோம். அக்கம்பக்கத்து சர்வே நம்பருக்கும் போடுங்க. கடைசி ரெண்டு மூணு வருஷத்துல அதே தெருவுல நடந்த கிரயம் வரும். அதுல "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு"ன்னு ரெண்டு எண் இருக்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா, கைடுலைனுக்கே பத்திரம் போட்டிருக்காங்க, நிஜ விலை அதுக்கு மேல இருக்க வாய்ப்பு அதிகம். கைமாற்றுத் தொகை சந்தை மதிப்பை விடக் கணிசமா அதிகமா இருந்தா, பெரும்பாலும் பேங்க் லோன் போட்டு வாங்கின வீடு, அந்த எண் நிஜத்துக்குப் பக்கத்துல இருக்கும். அந்த மாதிரி ரெண்டு பத்திரம் கிடைச்சா போதும். கூடவே தெருவுல ஒரு மளிகைக்கடை, ஒரு அயர்ன்காரர்கிட்ட பேச்சு கொடுங்க. எந்த வீடு எத்தனை மாசமா விக்காம கிடக்குதுன்னு புரோக்கரை விட அவங்களுக்கு நல்லா தெரியும்.

இப்படிப் பார்த்ததுல அந்தத் தெரு முகப்புல சதுர அடி 7,500 வருதுன்னு வச்சுக்குவோம். நம்ம வீடு சந்துக்குள்ள, கார் போகாது. அதுக்கு 500 கழிச்சோம். 800 பெருக்கல் 7,000, ஆக நிலம் 56 லட்சம்.

இங்க ஒரு சிம்மக்கல் விஷயம் சொல்லியாகணும். புரோக்கர் இவங்ககிட்ட, "பின்னாடி இடிச்சுட்டு அஞ்சு மாடி ஏத்திக்கலாம்ணே, வாடகையே இ.எம்.ஐ. கட்டிரும்"னு சொல்லியிருக்கார். மீனாட்சி அம்மன் கோயில் வெளிமதில்ல இருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள கட்டடம் 9 மீட்டர் உயரத்துக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்கு. கீழ்த்தளமும் மேல ரெண்டு மாடியும் வந்தாலே அந்த உயரம் தீர்ந்துடும். சிம்மக்கல்ல கணிசமான பகுதி அந்த வட்டத்துக்குள்ள வரும். நீங்க பார்க்கிற வீடு உள்ளயா வெளியயான்னு மாநகராட்சி நகரமைப்புப் பிரிவுல கேட்டுக்கோங்க. கட்ட முடியாத மாடிக்கு இன்னைக்கே காசு கொடுக்க வேண்டாம். அஞ்சு மாடிக் கணக்குல சொன்ன நிலவிலையும் ரெண்டு மாடிக் கணக்குல சொன்ன நிலவிலையும் ஒண்ணு இல்ல.

அடுத்து கட்டடம். இன்னைக்குப் புதுசா கட்டினா சதுர அடிக்கு 2,000ன்னு வச்சா 22 லட்சம். ஆனா வயசு 35. மதிப்பீட்டாளர்கள் போடுற கணக்கு சுலபம்: ஆயுள் 60 வருஷம், கடைசியில 10% பழைய சாமான் மதிப்பு. 35ஐ 90ஆல பெருக்கி 60ஆல வகுத்தா 52.5. அதாவது மதிப்புல 52.5% தேஞ்சு போச்சு. மிச்சம் 47.5%, அது 10.45 லட்சம்.

நிலமும் கட்டடமும் சேர்ந்து 66.45 லட்சம். அதுல இருந்து உடனே செஞ்சே ஆகவேண்டிய வேலையைக் கழிக்கணும். வயரிங் பழசு, பின்பக்கச் சாக்கடைக் குழாய் மாத்தணும், மொட்டை மாடி ஒழுகுது, மேல தரை பெயர்ந்திருக்கு. தெரிஞ்ச மேஸ்திரியைக் கூட்டிட்டுப் போய் எழுதி வாங்கினதுல 4 லட்சம். மிச்சம் 62.45. இதுதான் முதல் எண்.

வடக்கு வெளி வீதிப் பக்கம் இன்னும் பழைய வீடுகள் இருக்கு. தேக்கு உத்திரம், சுண்ணாம்புத் தளம், நடுவுல முற்றம். பார்க்க ஆசையா இருக்கும். பேங்க் மதிப்பீட்டாளர் அந்தக் கட்டடத்துக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுமே போடமாட்டார், நிலத்துக்கு மட்டும்தான் மதிப்பு. ஆசைக்குன்னு தனியா காசு வச்சிருந்தா வாங்குங்க, தப்பில்ல. பொதுச்சுவர் இருக்கான்னு மட்டும் பாருங்க. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்னா, நாளைக்கு நீங்க இடிச்சுக் கட்டும்போது பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் இல்லாம ஒரு செங்கல் கூட எடுக்க முடியாத நிலைமை வரும். அப்புறம் அடிமனை. கட்டடம் மட்டும் விக்கிறவருக்குச் சொந்தம், மண்ணு கோயிலுக்கோ டிரஸ்டுக்கோ சொந்தம்னு இருக்கிற இடங்கள் பழைய ஊர்ல உண்டு. அப்படின்னா மேல போட்ட 56 லட்சமே கணக்குல வராது.

ரெண்டாவது எண்: கையிருப்பு

இவங்ககிட்ட எஃப்.டி., சிட் பணம், ஊர்ல வித்த நிலத்தோட பங்கு எல்லாம் சேர்த்து 27 லட்சம். அதுல 3 லட்சத்தைத் தொடவே கூடாதுன்னு எடுத்து வச்சோம். மாமியாருக்கு 71 வயசு. ஆக 24 லட்சம்.

வீட்டு விலை மட்டும் செலவு இல்ல. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, மொத்தம் 9%. புரோக்கர் 1% கேக்குறார். ஆக விலையோட 10% போச்சு. வக்கீல், பத்திரம் எழுதுறவர், பேங்க் பிராசஸிங், லோனுக்கான எம்.ஓ.டி. பதிவு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம். ரிப்பேர் 4 லட்சம். சாமான் ஏத்தி இறக்க, பால் காய்ச்ச அரை லட்சம். அதாவது விலை எதுவா இருந்தாலும் 10 சதவீதமும் அதுக்கு மேல 5.5 லட்சமும். (டீச்சர் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணம் 1% குறையுமேன்னு கேட்டாங்க. 2025 ஏப்ரல்ல இருந்து அந்தச் சலுகை இருக்கு, ஆனா 10 லட்சம் வரை உள்ள சொத்துக்குத்தான்.)

பேங்க் எவ்வளவு தரும்? ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரை உள்ள வீட்டுக்கடனுக்கு, சொத்து மதிப்புல 80% வரைதான் தரலாம். முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் அந்த மதிப்புல சேராது. அதனால விலையில 20%, அதுக்கு மேல 10%, அதுக்கு மேல 5.5 லட்சம், எல்லாம் நம்ம 24 லட்சத்துல இருந்துதான் வரணும். 24ல 5.5 போக 18.5. அது விலையோட 30%. அப்போ விலை 61.67 லட்சம் வரை போகலாம். ரெண்டாவது எண்.

மூணாவது எண்: சம்பளம்

ஒரு லட்சத்துல 40,000 வரை இ.எம்.ஐ. கட்டலாம்னு அவங்களே சொன்னாங்க. பையன் அடுத்த வருஷம் ப்ளஸ் ஒன். 8.5% வட்டி, 20 வருஷம்னா ஒரு லட்சத்துக்கு மாசம் 868 ரூபாய். 40,000க்கு 46 லட்சம் லோன். கையில 24, லோன் 46, மொத்தம் 70. அதுல 5.5 போக 64.5. இதை 1.1ஆல வகுத்தா 58.6 லட்சம்.

"வட்டிக்கு டேக்ஸ் மிச்சமாகுமே சார்"னு அண்ணன் கேட்டார். ரெண்டு பேரும் புது வரி முறையில இருக்காங்க. அதுல சொந்தமா குடியிருக்கிற வீட்டு வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில இருக்கிறவங்களுக்கு வருஷம் 2 லட்சம் வரை உண்டு.

ஆக மூணு எண்: 62.45, 61.67, 58.6. சின்னது 58.6. ரவுண்டா 58.5. அதுதான் உச்சவரம்பு.

அந்த 65க்கே வாங்கியிருந்தா என்ன ஆகும்னு அவங்க கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டினேன். 65, அதுல 10% 6.5, மேல 5.5, மொத்தம் 77 லட்சம். கையில 24. லோன் 53 வேணும். பேங்க் 65ல 80%, 52தான் தரும். இன்னொண்ணு, பேங்க் பார்க்கிறது நீங்க பேசின விலையையும் மதிப்பீட்டாளர் சொல்ற விலையையும் வச்சு எது கம்மியோ அதை. அவர் 62ன்னு எழுதிட்டா லோன் 49.6. மூணு லட்சத்து நாப்பதாயிரம் துண்டு விழும். அதுக்குள்ள அட்வான்ஸ் அஞ்சு லட்சம் கொடுத்தாச்சு, ஒப்பந்தத்துல மூணு மாசக் கெடு போட்டாச்சு. அந்த நேரத்துலதான் நகை அடகுக்குப் போகுது, பர்சனல் லோன் வருது. டீச்சர் அப்போ ஒண்ணும் பேசல, கழுத்துச் செயினைத் தொட்டுப் பார்த்துக்கிட்டாங்க.

எந்த எண்ணுல ஆரம்பிக்கிறது

உச்சவரம்பு 58.5ன்னா 58.5லயே ஆரம்பிக்க முடியாது. அதே சமயம் 40க்குக் கேட்டா விக்கிறவர் போனை எடுக்கமாட்டார். நான் பண்றது, உச்சவரம்புக்கு 7, 8 சதவீதம் கீழ ஒரு எண்ணை எடுத்து, அதுக்கான காரணத்தை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுக்கச் சொல்றது. இவங்க 54ன்னு கேட்டாங்க. பேப்பர்ல மேஸ்திரி எழுதின 4 லட்ச ரிப்பேர் பட்டியல், சந்துங்கிறது, 9 மீட்டர் விதி, கட்டட வயசு. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே"ன்னு சொல்றவங்களுக்கும் இந்தப் பேப்பரை நீட்டுறவங்களுக்கும் கிடைக்கிற மரியாதையே வேற. ஆடி மாசம், மார்கழி மாசம் பேச்சை ஆரம்பிக்கிறதும் நல்லது. அப்போ பத்திரம் போட நிறைய பேர் தயங்குவாங்க, போட்டி கம்மி.

கீழ் எல்லையும் ஒண்ணு இருக்கு. கைடுலைனுக்கு வர்றேன்னு சொன்னேன்ல, அது இதுக்குத்தான். கைடுலைன் மதிப்பை விடக் கம்மியா வாங்கினாலும் முத்திரைத் தீர்வை கைடுலைனுக்குத்தான் கட்டணும். அது பரவாயில்ல. ஆனா அந்த வித்தியாசம் 50,000 ரூபாய், விலையில 10%, இந்த ரெண்டுல எது பெரிசோ அதைத் தாண்டினா, வித்தியாசம் முழுக்க வாங்குறவரோட வருமானமா எடுத்து வரி போடுவாங்க. 1961 வருமான வரிச் சட்டத்துல 56(2)(எக்ஸ்)ங்கிற பிரிவு. உதாரணமா கைடுலைன் 66 லட்சம் வர்ற வீட்டை 58க்கு முடிச்சா வித்தியாசம் 8 லட்சம், 10%ங்கிறது 5.8. தாண்டிருச்சு, 8 லட்சத்துக்கும் வரி. அதையே 60க்கு வாங்கினா வித்தியாசம் 6, 10%மும் 6, தாண்டல. இவங்க வீட்டுக்குக் கைடுலைன் 51தான் வந்துச்சு. 54க்குக் கேட்டதுல சிக்கல் இல்ல.

விக்கிறவர் பக்கத்துல இருந்து "பத்திரத்துல 45 போட்டுக்குவோம், மிச்சம் கையில குடுங்க"ன்னு வரும். எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே எரிச்சல். சட்டப்படி தப்புங்கிறது ஒரு பக்கம். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ அட்வான்ஸை ரொக்கமா வாங்கக் கூடாது, 2015 ஜூன்ல இருந்து விதி. வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். நம்ம கணக்குக்கு வருவோம். 45ல 80% 36தான் லோன். மேல உள்ள 13.5 முழுக்க நம்ம கையில இருந்து போகணும், அதுக்கு யாரும் கடன் தரமாட்டாங்க. நாளைக்கு நாம விக்கும்போது வாங்கின விலை 45ன்னுதான் கணக்கு, அந்த 13.5க்கும் சேர்த்து லாப வரி கட்டுவோம். முடியாதுன்னு சொல்லிடுங்க. அதுல வீடு கைவிட்டுப் போனா போகட்டும்.

விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா 1% டி.டி.எஸ். பிடிச்சுத்தான் கொடுக்கணும்ங்கிறதையும் பேச்சுலயே சொல்லிடுங்க. பத்திர ஆபீஸ் வாசல்ல போய்ச் சொன்னா சண்டை வரும். விக்கிறவர் அமெரிக்காவுலயோ சிங்கப்பூர்லயோ இருக்கிற என்.ஆர்.ஐ.ன்னா இந்த 1% பொருந்தாது, ரொம்ப அதிகமா பிடிக்கணும். பிடிக்காம விட்டா அந்தப் பாக்கி உங்க தலையில. விலை பேசுறதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

என்ன ஆச்சு

54ன்னதும் விக்கிறவங்க, அவங்க மூணு அண்ணன் தம்பி, ஒரு தங்கச்சி, "வீட்டை அவமானப்படுத்துறீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. ரெண்டு நாள் கழிச்சு 64. அப்புறம் 62. இவங்க 56, 57.5, கடைசியா 58.5. அங்கேயே நின்னுட்டாங்க. டோக்கன் கொடுக்கல. ரெண்டு வாரம் சத்தமே இல்ல. அப்புறம் புரோக்கர் போன்: "60ன்னா முடிச்சிரலாம்ணே."

அண்ணன் எனக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணார். "சார், ஒன்றரை லட்சம்தான?"

மறுநாள் கணக்கை மறுபடி எடுத்தோம். 60ன்னா மொத்தச் செலவு 71.5. நம்மகிட்ட 70. வீட்டு மதிப்பு 62.45ங்கிறதால விலை அதிகம்னு சொல்ல முடியாது, பிரச்சனை நம்ம பக்கத்துல. இ.எம்.ஐ.யை 41,230 ஆக்கலாம், டீச்சர் வேண்டாம்னுட்டாங்க. ரிசர்வ் 3 லட்சத்துல கை வைக்கலாம், நான் வேண்டாம்னேன். ரிப்பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். வயரிங்கும் சாக்கடையும் ஒழுகுற மாடியும் உடனே செஞ்சாகணும். மேல்தளத்துக்கு டைல்ஸ் ஒன்றரை லட்சம், அது ரெண்டு வருஷம் கழிச்சுப் பண்ணலாம். மேல யாரும் படுக்கப் போறதில்ல. ரிப்பேர் 2.5 ஆச்சு, மொத்தம் 70. சரியா வந்துச்சு. உச்சவரம்பை ஏத்தணும்னா இப்படித்தான், கணக்குல ஏதாவது ஒரு எண்ணை நிஜமா மாத்த முடியணும். ஆசைப்பட்டு ஏத்தினா அந்த ஒன்றரை லட்சம் எங்க இருந்து வரும்னு யாருக்கும் தெரியாது.

60க்குச் சம்மதம் சொன்னாங்க. டோக்கன் ஒரு லட்சம், செக்குல. லீகல் ஒப்பீனியன் சரியில்லைன்னாலோ பேங்க் மதிப்பீடு 60க்குக் கீழ வந்தாலோ அந்த ஒரு லட்சம் திரும்பி வரணும்னு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்றது 2012 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல கட்டாயம், அதை லீகல் முடிஞ்ச பிறகு பண்ணலாம்னு நிறுத்தி வச்சிருக்கோம்.

பேங்க் மதிப்பீட்டாளர் போன புதன்கிழமை வந்து பார்த்தார், 61ன்னு எழுதியிருக்கார். வக்கீல்தான் ஒரு இடத்துல நிறுத்தியிருக்கார். அப்பா காலமான பிறகு தங்கச்சி எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் பதிவாகல, வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல இருக்கு. அவங்க நேர்ல வந்து பத்திரத்துல கையெழுத்துப் போடணும். அவங்க திருப்பூர்ல இருக்காங்க, அண்ணன்களோட பேச்சுவார்த்தை கிடையாதாம். ஆவணி கடைசிக்குள்ள வர்றதா சொல்லியிருக்காங்க.